கரடியின் இடது காது

கரடி பொம்மையில் கஷ்டமான இடம் காது. எல்லோரும் கண் என்று நினைப்பார்கள். கண் கடையில் கிடைக்கும். துளை போட்டு, செருகி, பின்னால் வாஷர் வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. காது அப்படியில்லை. இரண்டு அரைவட்டத் துணியைத் தைத்துத் திருப்பித் தலையில் வைக்க வேண்டும். பஞ்சு வைத்தால் பன் மாதிரி உப்பிவிடும். வைக்காவிட்டால் தொங்கிப்போய்க் கரடி நாயாகிவிடும். இதற்கு நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மேடம், நீங்கள் ஸ்டேஷனில் தாளும் பேனாவும் கொடுத்து, "ஆராம் சே லிக்கோ, தமிழ் மே லிக்கோ" என்றீர்கள். நிதானமாக எழுதுவதற்கு எனக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஃபர் துணியில் இருபது வருடம் ஊசி ஓட்டியவளுக்கு அவசரம் என்பது மறந்தே போயிருக்கும். நான் எழுதுவதை ஒருவர் இந்தியில் மாற்றுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் மாற்றுவார் என்று கேள்விப்பட்டேன். கடைசியில் படிப்பவருக்கு நான் எப்படித் தெரிவேனோ, அது அந்த இருவர் கையில் இருக்கிறது.

பெயர் கேத்தரின். வயது நாற்பத்தொன்பது. வீடு போர்ட் பிளேரில் லம்பா லைன், விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் இறங்கும்போது எங்கள் கூரைத் தகரம் அதிரும், அதை வைத்தே மணி சொல்வோம். தொழில், துணிப் பொம்மை. கரடி, முயல், யானை, தீவுக்கு வருகிறவர்கள் கேட்பதால் கடல்பசுவும். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது கரடிதான். இந்தத் தீவின் இந்தியில் கரடி பாலு, அதனால் நான் பாலு தீதி, கரடி அக்கா. அருகில் இருக்கிற வங்காளிப் பெண்களுக்கு என் ஞானஸ்நானப் பெயரே தெரியாது.

பொம்மையை அட்டையை வைத்துத்தான் வெட்ட வேண்டும். பழைய காலண்டர் அட்டைகளில் தலைக்கு மூன்று, உடம்புக்கு இரண்டு, கை கால் காது என்று வெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அட்டையிலும் ரோமம் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்பை மதிக்காமல் ஒரு துண்டை வெட்டிவிட்டால், முழுக் கரடியும் சாந்தமாக இருக்க ஒரு கன்னம் மட்டும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். என் கரடிகள் அப்படி நின்றதில்லை. திருப்பி, பஞ்சு அடைத்து, முதுகை மூடுவேன் பாருங்கள், அந்தத் தையலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வழக்குக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

பிரவீனா என் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது இளையவள். மணப்பாட்டிலிருந்து அப்பா மீன் தொழிலுக்கு இங்கே வந்தபோது அவள் பிறக்கவில்லை. பிறந்தாள், அம்மா போய்விட்டாள், சில வருடத்தில் அப்பாவும். அவளுக்குத் தலை வாரியது, முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் தைத்தது, காய்ச்சலில் ராத்திரி முழுக்க மடியில் போட்டிருந்தது எல்லாம் நான். எனக்கும் இரண்டு வரன் வந்தது. இரண்டு பேருமே தங்கையை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

பிறகு அவள் கிளமெண்டைக் கட்டிக்கொண்டு இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பே போனாள்.

நீங்கள் எதிர்பார்க்கிற காரணம் எனக்குத் தெரியும். முதல் நாளே கேட்டீர்கள். குடிப்பாரா, அடிப்பாரா, வேறு தொடர்பு உண்டா என்று. இல்லை மேடம். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிறு பூசைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்னைப் போன்றவள் என்ன காரணம்தான் சொல்ல முடியும்? ஒரே குறை, மீன்பிடிக்கப் போகிற டிங்கிப் படகின் எஞ்சின் சத்தத்திலேயே கிடந்து வலது காது மந்தமாகிவிட்டது. எதைச் சொல்வதென்றாலும் இடது பக்கமாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். ஹட் பேயிலிருந்து எட்டு மணி நேரம் கப்பலில் வந்து இறங்கினால், முதல் வேலையாக என் பார்சல்களுக்கு முகவரி எழுதித் தருவார். அனுப்புநர், கேத்தரின், லம்பா லைன், போர்ட் பிளேர். நான் பின்கோடு போட மறந்துவிடுவேன்.

"மதினி, பின்கோடு இல்லாட்டி சாமான் கடலுக்குள்ளதான் போவும்" என்பார்.

நூற்றுக்கணக்கான பார்சலுக்கு எழுதியிருப்பார். அதனால் உலகத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரி என்னுடையது. ஹட் பேயில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குக் கதவு எண் கூடக் கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஜூன் முதல் வாரம், கிளமெண்டும் கூட்டாளி லூர்துநாதனும் டிங்கியில் போனார்கள். காற்று திரும்பியது. ஒன்பதாம் நாள் லூர்துநாதன் உடல் கரை ஒதுங்கியது, கூடவே டிங்கியின் பலகை இரண்டு. அதற்குப் பிறகு யாரும் கணக்குப் போடத் தேவையிருக்கவில்லை. ஃபாதர் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு உடல் இல்லாமலே இரங்கல் பூசை வைத்தார். நினைவு அட்டைக்குப் படம் தேர்ந்தெடுத்தது நான்தான். நல்ல படம், லேசாகச் சிரிப்பார்.

பிரவீனா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அதில் பாதி துக்கம். மீதிப் பாதி என்ன என்று அப்போது நான் பார்க்கவில்லை, இப்போதும் நீங்கள் கேட்பதால்தான் பார்க்கிறேன்.

நவம்பர் கல்லறைத் திருநாள் நெருங்கியது. எங்கள் சனம் அன்று கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறை கிடையாது. அவர்கள் வீட்டார் நடுவில் இருக்கிற பெரிய சிலுவை அடியில் மெழுகுவத்தி வைத்துவிட்டு, உட்கார இடம் தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்கள். அப்படி நிற்கப்போகிறோம் என்று அவள் அக்டோபரிலேயே சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

அதற்காகத்தான் அந்தக் கரடி. கிளமெண்டின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பிரித்து வெட்டினேன். மார்பில் சட்டைப் பையை அப்படியே விட்டேன். கரடி சாயாமல் உட்கார அடியில் கனம் வேண்டும். கூழாங்கல் போடலாம், ஆனால் அவருடைய வீச்சு வலையை அவள் பெட்டியோடு கொண்டு வந்திருந்தாள். அதன் ஈயக் குண்டுகளில் பதினாறை அறுத்து அடிவயிற்றில் வைத்தேன். கொஞ்சம் இடது பக்கம் கூடுதலாக. அவர் அப்படித்தான் உட்காருவார்.

பிரவீனா அதைக் கையில் வாங்கி, மார்பில் இருந்த சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள்.

"யக்கா, அவுக உக்காந்திருக்க மாதிரியே இருக்குக்கா" என்றாள்.

அன்றிலிருந்து அதன் இடது காதில் தினமும் பேசுவாள். என்ன சமைத்தோம், யார் வந்தார்கள், அக்காவுக்கு முட்டி வலி என்று எல்லாம் போகும். கல்லறைத் திருநாளில் அதை மடியில் வைத்துக்கொண்டு சிலுவை அடியில் உட்கார்ந்தாள். நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வாரமே இரண்டு பெண்கள் செத்துப்போனவர்களின் சட்டையோடு என் வாசலுக்கு வந்தார்கள். பிறகு கார் நிக்கோபார் தீவிலிருந்து கூட சேலை வந்தது. துக்கத்துக்கு அட்டையும் அம்புக்குறியும் உண்டு என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் போலிருக்கிறது.

அடுத்த ஆகஸ்டில் முதல் கடிதம் வந்தது.

தபால்காரர் கேட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த அச்சுக் கையெழுத்தை நான் நின்ற இடத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். பின்கோடு சரியாகப் போட்டிருந்தது. டிங்கி எஞ்சின் நின்று, இழுத்துப்போய், லூர்துநாதன் அலையில் விழுந்து, இவர் மட்டும் உடைந்த டிங்கியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, கிழக்கே ஒரு நாட்டுக் கடலுக்குள் போய் மாட்டியிருக்கிறார். எந்த நாடு என்பது கடிதத்திலேயே இருக்கிறது, கடிதம் உங்கள் மேசையில் இருக்கிறது. ஜெயிலில் வைத்திருக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறாராம். கடைசியில் எழுதியிருந்தார்: "மதினி, பிரவீனாட்ட ஒரேடியா சொல்லிறாதிய, அவ தாங்க மாட்டா. நேரம் பாத்து பக்குவமா சொல்லுங்க." உறைக்குள் இன்னொன்றும் இருந்தது. அதற்கு இப்போது அவசரமில்லை.

நான் உள்ளே போனேன். பிரவீனா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதிலிருந்து வீட்டில் மீன் வாங்கவில்லை, அந்தக் கடல் மீனை எப்படித் தின்பது என்பாள். அன்றுதான் முதல் முறையாக அவளே போய்ச் சூரை வாங்கி வந்திருந்தாள். முள் எடுத்து என் தட்டில் வைத்தாள். ஏதோ பேச்சில் சிரித்தும் விட்டாள். பதினான்கு மாதம் கழித்து வந்த சிரிப்பு மேடம். நீங்களாக இருந்தால் அந்த நேரத்தில் சொல்லியிருப்பீர்களா? அவரே நேரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் பார்த்தேன். ஐந்து வருடம் பார்த்தேன்.

கடிதத்தை எரித்திருக்கலாமே என்று உங்களுடன் இருந்த கான்ஸ்டபிள் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அடுத்தவர் பொருளை அழிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்த வாரம் கரடியின் கை தளர்ந்துவிட்டது, இவள் இறுக்கிப் பிடித்துப் பிடித்து. சரிசெய்து தருகிறேன் என்று வாங்கினேன். முதுகைப் பிரித்தேன், கடிதத்தைப் பஞ்சுக்குள் சுற்றி வயிற்றில் வைத்தேன், மூடினேன். காகிதம் சலசலக்கக் கூடாது, அதற்குப் பஞ்சை மூன்று சுற்று சுற்ற வேண்டும்.

"யக்கா, இப்ப கட்டிப்பிடிக்க இன்னும் நல்லாருக்கு" என்றாள் அவள்.

இரண்டாவது கடிதம் பிப்ரவரியில். முதல் கடிதம் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். மீனவர் அடையாள அட்டையின் நகலும் ஆதார் நகலும் வேண்டுமாம், அவர் இந்த ஊர்க்காரர்தான் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்களாம். இரண்டும் என் தகரப் பெட்டியில், ஃபர் துணிக்குக் கீழே, பத்திரமாக இருந்தன. ஜெராக்ஸ் கடை எங்கள் வீட்டிலிருந்து நான்கு நிமிட நடை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அந்த மாதம் கரடியின் கால் நூல் விட்டிருந்தது.

ஜூனில் ஒருவர் கையில் ஃபைலோடு வந்தார். எந்த அலுவலகம் என்று சொன்னார், எனக்கு நினைவில்லை, வெயிலில் வந்ததால் மிகவும் களைத்திருந்தார். பிரவீனா கோவிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

"கிளமெண்ட் இதர் ரஹ்தா ஹை?" என்றார், இங்கேதான் இருக்கிறாரா என்று.

"ஓ தோ மர் கயா, சாப். தோ சால் ஹோ கயா" என்றேன்.

இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றதும் அவருக்கு நிம்மதிதான், ஒரு வரியில் முடிகிற வேலை. அந்த நாட்டு ஜெயிலில் ஒருவன் தன்னைக் கிளமெண்ட் என்று சொல்லிக்கொள்கிறானாம். காலம் அப்படி, யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் சொல்லலாம் என்றேன். நினைவு அட்டை ஒன்று கொடுத்தேன். அதில் படம், பூசை நடந்த தேதி எல்லாம் அழகாக அச்சடித்திருக்கும். டீ குடித்துவிட்டு, கிளம்பும்போது மகளுக்கு என்று ஒரு முயல் பொம்மையும் எடுத்துக்கொண்டார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபாதர் பூசை வைத்தார், எங்கள் கோவில் பங்கே வந்தது, தங்கை கறுப்புச் சேலை கட்டினாள். இத்தனை பேர் சேர்ந்து செய்ததை மாற்றிச் சொல்ல நான் யார்?

மூன்றாவது கடிதம் டிசம்பரில், கிறிஸ்துமஸ் வாழ்த்துகளோடு சேர்ந்து வந்தது. கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. இருமல், காய்ச்சல் விடவில்லை என்று எழுதியிருந்தார். "நான் செத்துட்டதா ஊர்ல இருந்து எழுதி வந்திருக்காம். பொய்க்காரன்னு சொல்லுதாவ. மதினி, நான் உயிரோட இருக்கேன்னு நீங்களாவது ஒரு வார்த்தை எழுதுங்க." அதைப் படித்துவிட்டு உறைக்குள் திரும்ப மடித்து வைத்தேன். அன்று சாப்பிடவில்லை. பிரவீனா வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்து, மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அப்படி என்னைக் கவனிக்க என் வாழ்நாளில் வேறு யாரும் இருந்ததில்லை. மழைக்காலத்தில் பஞ்சில் பூசணம் பிடிக்கும் இல்லையா, கரடிக்குப் புதுப் பஞ்சு மாற்ற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

இந்த வருடம் பங்கிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு விமானத்தில் கிளம்பியது. பிரவீனாவும் பெயர் கொடுத்தாள். என் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு என்னை விட்டுத் தனியாக அவள் எங்கும் போனதில்லை. கரடியை வைத்துவிட்டுப் போ, மழையில் நனைந்துவிடும் என்று சொன்னேன்.

"நேந்துட்டேன்க்கா. மாதா காலடியில ஒருக்கா வச்சு எடுக்கணும்" என்றாள்.

விமான நிலையத்தில் பையை ஒரு பெட்டிக்குள் அனுப்புகிறார்கள், அதற்குள் இருப்பதெல்லாம் டிவியில் தெரிகிறது. கடிதம் தெரியாது மேடம். காகிதமும் பஞ்சும் அதற்கு ஒன்றுதானாம். தெரிந்தது பதினாறு ஈயக் குண்டு. கரடி வயிற்றில் எதற்குக் குண்டு என்று அந்தப் பாதுகாப்புப் பெண் கேட்டிருக்கிறாள். ஐந்து வருடம் நான் செய்த வேலையில் ஒரு பிழை கிடையாது. நான் மாட்டியது கரடி அழகாக உட்கார வேண்டுமே என்று நினைத்ததால்.

பிரவீனா போன் செய்தாள். "யக்கா, பின்னால பிரிச்சுப் பாக்கணும்ங்காவ, என்ன செய்ய?"

நான் கிளம்பிவிட்டேன். நடந்தே பத்து நிமிடம்தான். போவதற்குள் பிளேடு போட்டு அறுத்திருந்தார்கள். என் தையல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துணியையே கிழித்திருந்தார்கள். தட்டில் குண்டுகள் ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம். பிரவீனா தரையில் உட்கார்ந்து மூன்று கடிதத்தையும் தேதிப்படி அடுக்கியிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யக்கா, இந்த ஆகஸ்டு மாசத்துல வந்தது, நா மீன் பொரிச்ச அன்னைக்கா?"

"ஆமாட்டி" என்றேன். "நீ நல்லா சாப்ட்ட அன்னைக்கு."

அவள் எழுந்து நேராக உங்களிடம் வந்தாள். எனக்காகக் காத்திருக்கவில்லை.

நீங்கள் விசாரித்துப் பதில் வாங்கிவிட்டீர்கள். மூன்றாவது கடிதத்துக்கு அடுத்த மார்ச்சில் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். அங்கேயே புதைத்து, பெயர் நிச்சயமில்லாததால் எண் போட்டிருக்கிறார்களாம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இனி கல்லறைத் திருநாளில் அவளுக்கென்று ஒரு கல்லறை இருக்கிறது. தூரம்தான், ஆனாலும் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கப்போவதில்லை.

எந்தப் பிரிவில் போடுவது என்று நீங்களும் இன்ஸ்பெக்டரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்தேன். அவசரப்பட வேண்டாம். நான் செய்தது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கடிதங்களை வாங்கியது நான், அட்டையை அனுப்பாதது நான், உயிரோடு இருந்தவரை இறந்தவர் என்று சொன்னது நான். "மறைத்தாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்தேன். தினமும் அணைத்துக்கொண்டு தூங்கினாள்.

இன்னொரு திருத்தமும் உண்டு. கடிதம் மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு. முதல் உறைக்குள் ஒரு சின்னத் தாள் தனியாக மடித்து, மேலே "பிரவீனாவுக்கு" என்று போட்டிருந்தது. அதை நான் பிரிக்கவில்லை, அடுத்தவர் கடிதத்தை நான் படிப்பதில்லை. முதுகைப் பிரித்த அன்றே காதையும் பிரித்து வைத்தேன், இரண்டு அரைவட்டத் துணிக்கு நடுவில் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பஞ்சும் இல்லாமல், தொங்கவும் செய்யாமல், காது அவ்வளவு அழகாக நிமிர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். இடது காது. அவள் பேசுகிற காது.

அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஒரேடியாக நீட்டாமல், பக்குவமாக. காதைப் பிரிப்பதாக இருந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள் மேடம். வேறு யாராவது கை வைத்தால் அது மறுபடி நிற்காது.